வீரரின் விசுவாசமும் கிளப்பின் கணக்கும்

ஒரு தொழில்முறைக் கால்பந்து வீரர் எந்தக் கிளப்புக்கு ஆடுவது என்பதை இங்கிலாந்தில் எழுபது ஆண்டுக்காலம் கிளப்புகளே தீர்மானித்தன. 1893இல் கொண்டுவரப்பட்ட தக்கவைப்பு முறைப்படி, ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரரின் பதிவு பழைய கிளப்பின் கையிலேயே இருந்தது. கிளப் மனம்வைத்து விடுவித்தால்தான் அவர் இன்னொரு லீக் கிளப்பில் சேர முடியும். விடுவிக்க மனமில்லையென்றால் சம்பளம் தராமலே அவரை வீட்டில் உட்காரவைக்கலாம். 1901இல் இதனுடன் சம்பள உச்சவரம்பும் சேர்ந்துகொண்டது. வாரத்துக்கு 4 பவுண்டு என்று தொடங்கிய அந்த வரம்பு, அறுபது ஆண்டுகள் கழித்தும் 20 பவுண்டில்தான் நின்றது.

அந்தக் காலத்து வீரர்கள் ஒரே சட்டையில் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆடியதைக் காட்டி, ‘அன்று விசுவாசம் இருந்தது, இன்று காசு மட்டும்தான் இருக்கிறது’ என்று சொல்வது கால்பந்து ரசிகர்களிடையே வழக்கம். இது முழு உண்மை அல்ல. பிரெஸ்டன் நார்த் எண்ட் கிளப்பின் டாம் ஃபின்னி இதற்கு நல்ல சான்று. பிரெஸ்டனில் பிறந்து, குழாய் பொருத்தும் தொழில் கற்று, இங்கிலாந்து கண்ட மிகச் சிறந்த விங்கர்களில் ஒருவராக உயர்ந்தவர் அவர். 1952இல் இத்தாலியின் பலெர்மோ கிளப் அவருக்கு 10,000 பவுண்டு முன்பணமும், மாதம் 130 பவுண்டு சம்பளமும், வீடும் காரும் தருவதாகச் சொன்னது. இங்கிலாந்தில் அப்போது அவருக்குக் கிடைத்தது வாரத்துக்கு 14 பவுண்டு. பிரெஸ்டன் நிர்வாகம் ஒரே சொல்லில் மறுத்துவிட்டது. பேச்சு அத்துடன் முடிந்தது. ஃபின்னி 1960இல் ஓய்வுபெறும்வரை பிரெஸ்டனிலேயே ஆடினார். லீக் பட்டமோ எஃப்.ஏ. கோப்பையோ அவர் கையில் சேரவில்லை. அவர் விலகிய மறு ஆண்டே முதல் டிவிஷனிலிருந்து இறங்கிய பிரெஸ்டன், இன்றுவரை மேல்நிலைக்குத் திரும்பவில்லை. ஃபின்னிக்குத் தன் ஊரின் மேல் இருந்த அன்பில் ஐயம் இல்லை. ஆனால், போகலாமா இருக்கலாமா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே அவருக்குக் கொடுக்கப்படவில்லை. வெளியேறும் உரிமை இல்லாதவர் தங்கியதைக் கொண்டு அவருடைய விசுவாசத்தை அளக்க முடியாது.

அந்த உரிமை எப்படி வந்தது, வந்த பிறகு வீரர்களும் கிளப்புகளும் அதை எப்படிக் கையாண்டார்கள் என்ற வரலாறு ஏறக்குறைய முழுதும் ஒரே ஊரில் படிக்கக் கிடைக்கிறது. இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆற்றங்கரையில் இருக்கும் நியூகாசில்தான் அந்த ஊர். நிலக்கரியும் கப்பல் கட்டுமானமும் வளர்த்த நகரம். ஊர் முழுவதற்கும் நியூகாசில் யுனைடெட் என்ற ஒரே பெரிய கிளப். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை. ஊரின் நடுவே, மேட்டின் மேல் செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானம். சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த ஜாக்கி மில்பர்ன் இந்த கிளப்புக்காக 200 கோல் அடித்து, 1951, 1952, 1955 ஆகிய ஆண்டுகளில் எஃப்.ஏ. கோப்பையை வென்று தந்தார். மைதானத்தின் முதன்மை அரங்குக்கு அவர் பெயர்தான்.

மில்பர்ன் கிளப்பை விட்டுச் சென்ற மூன்றாவது ஆண்டு, 1960இல், ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற இளம் வீரர் நியூகாசிலுடன் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தார். கிளப் கொடுத்த வீடு, தருவதாகச் சொன்ன பகுதிநேர வேலை என்று பல மனத்தாங்கல்கள் அவருக்கு இருந்தன. ஒப்பந்தம் முடிந்துவிட்டது, வேறு கிளப்புக்குப் போகிறேன் என்றார். நியூகாசில் விடவில்லை. ஈஸ்ட்ஹாம் தெற்கே போய் ஒரு கார்க் வியாபார நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மாதக்கணக்கில் இழுபறிக்குப் பிறகு, அந்த ஆண்டின் இறுதிப் பகுதியில், நியூகாசில் அவரை 47,500 பவுண்டுக்கு ஆர்சனலுக்கு விற்றது. அவர் கேட்டது கிடைத்துவிட்டது; விஷயத்தை அப்படியே விட்டிருக்கலாம். விடாமல், வீரர்கள் சங்கத்தின் துணையுடன் நீதிமன்றம் சென்றார். 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், தக்கவைப்பு முறை ஒருவர் தன் தொழிலைச் செய்வதற்கான உரிமையின் மீது விதிக்கப்பட்ட நியாயமற்ற தடை என்று தீர்ப்பளித்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, ஜிம்மி ஹில் தலைமையிலான வீரர்கள் சங்கம் வேலைநிறுத்தம் செய்வோம் என்று எச்சரித்து, சம்பள உச்சவரம்பை ஒழித்திருந்தது. உடனே ஃபுல்ஹாம் கிளப், தன் வீரர் ஜானி ஹேன்ஸுக்கு வாரத்துக்கு 100 பவுண்டு கொடுத்தது.

இந்த இரண்டு மாற்றங்களுக்குப் பிறகுதான் விசுவாசம் என்ற சொல்லுக்கு மைதானத்தில் பொருள் ஏற்பட்டது. பணம் உள்ள கிளப் அதிகம் கொடுக்கலாம், வீரர் போகலாம் என்ற நிலை வந்த பிறகு, போகாமல் இருப்பது ஒரு முடிவாக ஆனது.

நியூகாசில் ஊர்ப் பிள்ளைகளில் பலர் எடுத்தது போகும் முடிவுதான். 1980களில் ஒரே தலைமுறையில் மூன்று அபாரமான திறமைகள் டைன் கரையிலிருந்து முளைத்தன. கிறிஸ் வாடில் 1985இல் 5.9 லட்சம் பவுண்டுக்கு டாட்டன்ஹாமுக்குப் போனார். பீட்டர் பியர்ட்ஸ்லி 1987இல் 19 லட்சத்துக்கு லிவர்பூலுக்குப் போனார். அவர்களில் இளையவரான பால் கேஸ்காய்ன் 1988இல் 22 லட்சத்துக்கு டாட்டன்ஹாமில் சேர்ந்தார். மூன்று கோடைகளில் அணியின் உயிர்நாடியே வெளியேறியது. 1989இல் நியூகாசில் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. அந்த நாட்களில் ஊர் மக்கள் வீரர்கள்மேல் கோபப்பட்டார்கள். ஆனால், மூன்று பேரையும் வைத்துப் பட்டத்துக்குப் போட்டியிடும் அணியைக் கட்ட நிர்வாகம் முயன்றதா என்று பார்த்தால், குறை எங்கே இருந்தது என்பது தெரியும். ஒருவர் பின் ஒருவராக விற்றுக் கணக்கை நேர்செய்த கிளப் அது. பியர்ட்ஸ்லி லிவர்பூலில் இரண்டு முறை லீக் பட்டம் வென்றார். பிறகு 1993இல், 32 வயதில், நியூகாசிலுக்கே திரும்பிவந்தார். போனவர்கள் எல்லோரும் ஊரை வெறுத்துப் போனவர்கள் அல்ல.

அவரைத் திருப்பி அழைத்துவந்தவர் மேலாளர் கெவின் கீகன். அவர் காலத்தில் நியூகாசில் விற்கும் கிளப்பாக இல்லாமல் வாங்கும் கிளப்பாக மாறியது. அப்படியிருந்தும் 1995 ஜனவரியில், முந்தைய பருவத்தில் 41 கோல் அடித்திருந்த ஆண்டி கோலை மான்செஸ்டர் யுனைடெட்டுக்குக் கொடுத்துவிட்டார். 60 லட்சம் பவுண்டும் கீத் கில்லெஸ்பி என்ற இளம் வீரரும் பதிலுக்குக் கிடைத்தன. செய்தி கேட்டுக் கொதித்துப்போய் மைதான வாசலில் திரண்ட ரசிகர்கள் முன்னால் கீகன் படிக்கட்டில் நின்றபடி, ஏன் விற்றேன் என்று நேருக்கு நேர் விளக்கினார். ரசிகர்களுக்கு ஒரு விளக்கம் கடன்பட்டிருக்கிறோம் என்று நினைத்த மேலாளர்கள் அரிது. வீரரின் விசுவாசத்தைப் பற்றிய விவாதங்களில் இந்தப் படிக்கட்டுக் காட்சி இன்னும் அதிகமாக நினைக்கப்பட வேண்டும். ஏனென்றால், இங்கே போக முடிவெடுத்தவர் வீரர் அல்லர்.

அதே 1995ஆம் ஆண்டு டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மான் வழக்கில் தீர்ப்பளித்தது. ஈஸ்ட்ஹாம் திறந்த கதவு பாதிதான் திறந்திருந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரரை எடுக்கும் கிளப் அப்போதும் பழைய கிளப்புக்குத் தொகை கொடுக்க வேண்டியிருந்தது. பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்பில் ஆடிய ழான்-மார்க் போஸ்மானுக்கு 1990இல் ஒப்பந்தம் முடிந்தபோது, மாதச் சம்பளத்தை 1,20,000 பிராங்கிலிருந்து 30,000ஆகக் குறைத்து புதிய ஒப்பந்தம் நீட்டப்பட்டது. அவர் பிரான்ஸின் டங்கெர்க் கிளப்புக்குப் போக விரும்பினார், டங்கெர்க்கால் தொகை கொடுக்க முடியுமா என்று லியேஜ் ஐயப்பட்டதால் பேரம் முறிந்தது, போக முடியவில்லை. ஐந்து ஆண்டுகள் வழக்கு நடத்தினார். தீர்ப்பு வந்தபோது அவருடைய ஆட்ட வாழ்க்கை ஏறத்தாழ முடிந்துபோயிருந்தது. அவர் பெற்றுத்தந்த உரிமையின் பலனை அனுபவித்தவர்கள் பின்னால் வந்தவர்கள். ஒப்பந்தம் முடிந்த வீரர் இனி எந்தத் தொகையும் இல்லாமல் போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்து வீரர்களுக்கு நாட்டு அடிப்படையில் எண்ணிக்கை வரம்பும் கிடையாது.

இதன் விளைவை முதலில் உணர்ந்தது ஆம்ஸ்டர்டாம். 1995 மே மாதம் வியன்னாவில் மிலானை வீழ்த்தி ஐரோப்பியக் கோப்பையை வென்ற அந்த நகரின் அயாக்ஸ் அணியில் பெரும்பகுதி, அந்த கிளப்பின் பயிற்சிக்கூடத்திலேயே வளர்ந்த பையன்கள். எட்கார் டாவிட்ஸும் மைக்கேல் ரைசிகரும் 1996இலும், பாட்ரிக் குளூய்வெர்ட்டும் வின்ஸ்டன் போகார்டும் 1997இலும் ஒரு காசு வாங்கித்தராமல் மிலானுக்கே போனார்கள். அதற்குப் பிறகு எந்த டச்சு அணியும் அந்தக் கோப்பையை வெல்லவில்லை. 2004இல் போர்ச்சுகலின் போர்ட்டோ வென்ற பிறகு இருபது ஆண்டுகள் இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, ஜெர்மனி என்ற நான்கு நாடுகளுக்கு வெளியே அந்தக் கோப்பை போகவே இல்லை. 2025இல் அந்தச் சங்கிலியை அறுத்ததும் கத்தார் பணத்தால் நிமிர்ந்த பாரிஸ் அணிதான். ஸ்காட்லாந்தின் செல்டிக் 1967இல் வென்றபோது, அந்த அணியில் ஆடிய பதினொரு பேரும் தங்கள் மைதானத்திலிருந்து சுமார் 30 மைலுக்குள் பிறந்தவர்கள். 1986இல் ருமேனியாவின் ஸ்டாவா வென்றது, 1991இல் யூகோஸ்லாவியாவின் ரெட் ஸ்டார் வென்றது. அந்தப் பரவலை நினைத்து ஏங்குபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ருமேனிய வீரர்களும் யூகோஸ்லாவிய வீரர்களும் விரும்பிய நேரத்தில் நாட்டைவிட்டுப் போய் ஆட முடியாதபடி பூட்டிவைக்கப்பட்டிருந்தார்கள். அந்தப் பூட்டை மறுபடியும் போடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

கதவு இப்படி அகலத் திறந்துகிடந்த நேரத்தில்தான் ஆலன் ஷியரர் எதிர்த் திசையில் வந்தார். நியூகாசிலின் காஸ்ஃபோர்த் பகுதியில், உலோகத் தகடு வேலை செய்யும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். பதின்ம வயதில் சவுத்தாம்ப்டனுக்குப் போய், பிறகு பிளாக்பர்னில் 1995 லீக் பட்டம் வென்றிருந்தார். 1996 கோடையில் அவரை மான்செஸ்டர் யுனைடெட்டும் நியூகாசிலும் கேட்டன. இரண்டு மேலாளர்களையும் சந்தித்துப் பேசிவிட்டு ஊருக்கே வந்தார். 1.5 கோடி பவுண்டு அன்றைய உலகச் சாதனை. அவரைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் மழையில் நனைந்தபடி மைதானத்துக்கு வெளியே காத்திருந்தார்கள். பத்துப் பருவங்களில் 206 கோல் அடித்து மில்பர்னின் சாதனையைக் கடந்தார். 1998இலும் 1999இலும் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டிகளில் தோற்றார். நியூகாசில் சட்டையில் ஒரு கோப்பையும் வெல்லவில்லை. அதே பத்து ஆண்டுகளில் மான்செஸ்டர் யுனைடெட் ஐந்து முறை லீக் பட்டமும் ஒரு முறை ஐரோப்பியக் கோப்பையும் வென்றது.

ஷியரர் பணத்தை இழக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நியூகாசில் அவருக்கு உயர்ந்த சம்பளமே கொடுத்தது. புகழ்பெற்ற விசுவாசிகளில் பெரும்பாலோர் விட்டுக்கொடுத்தது சம்பளத்தை அல்ல, பதக்கங்களை. சின்ன கிளப்பில் இருந்தாலும் அந்த கிளப்பின் மிகப் பெரிய சம்பளம் அவர்களுடையதாக இருந்தது. இதைச் சொல்வதால் அவர்கள் செய்தது சிறியதாகிவிடாது. உடல் ஒத்துழைக்கும் பத்து, பன்னிரண்டு ஆண்டுகளே வீரரின் தொழில்வாழ்க்கை. அதில் வெல்லக்கூடிய கோப்பைகளை விட்டுக்கொடுப்பது பணத்தை விட்டுக்கொடுப்பதைவிடக் கடினம்.

அப்படி இருக்க ஒருவர் அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. இத்தாலியின் ஜிஜி ரிவா, வடக்கே லொம்பார்டியில் லெஜ்யுனோ என்ற சிற்றூரில் பிறந்தவர். சிறுவயதிலேயே தந்தையை இழந்தவர். 1963இல், பதினெட்டு வயதில், தொலைவில் கடலுக்கு நடுவே இருக்கும் சார்டினியா தீவின் காலியாரி கிளப்புக்கு வந்தார். அது அப்போது இரண்டாம் டிவிஷன் கிளப். சார்டினியாவுக்குப் பணிமாற்றம் என்றால் தண்டனை என்று பெருநிலத்து இத்தாலியர்கள் நினைத்த காலம். ரிவாவுக்கும் வரும்போது விருப்பமில்லை. ஆனால், வறுமைப்பட்ட அந்தத் தீவு அவரை வீட்டுப் பிள்ளையாக எடுத்துக்கொண்டது. 1970இல் அவர் கோல்களின் பலத்தில் காலியாரி இத்தாலிய லீக் பட்டத்தை வென்றது. அந்தப் பருவத்தின் 30 ஆட்டங்களில் அந்த அணி வாங்கியது 11 கோல் மட்டுமே. மிலான், டூரின் நகரங்களின் பணக்கார கிளப்புகள் அவரைத் தொடர்ந்து கேட்டன. யுவென்டஸ் பெருந்தொகையைக் கொட்டத் தயாராக இருந்தது. வீரர்களைக் கேட்காமலே விற்பது சாதாரணமாக இருந்த நாட்களில் ரிவா போக மாட்டேன் என்று மறுத்தார். இத்தாலிக்காக 42 ஆட்டங்களில் 35 கோல் அடித்தார். அந்தச் சாதனை இன்றும் முறியடிக்கப்படவில்லை. ஓய்வுபெற்ற பிறகும் காலியாரியிலேயே வாழ்ந்து, 2024 ஜனவரியில் அங்கேயே காலமானார். அவர் அணிந்த 11ஆம் எண் சட்டையை அந்த கிளப் வேறு யாருக்கும் தருவதில்லை.

ஷியரர் ஓய்வுபெற்ற மறு ஆண்டு, 2007இல், நியூகாசிலின் உரிமை விளையாட்டுப் பொருள் வணிகர் மைக் ஆஷ்லியிடம் போனது. அவருடைய பதினான்கு ஆண்டுகளில் கிளப் இரண்டு முறை கீழே இறங்கி, இரண்டு முறை ஏறியது. 2011 ஜனவரி 31, வீரர்களை விற்று வாங்குவதற்கான கடைசி நாள். ஆற்றின் மறுகரையில் இருக்கும் கேட்ஸ்ஹெட்டில் பிறந்து, ஷியரர் அணிந்திருந்த 9ஆம் எண் சட்டையைப் பெற்றிருந்த 22 வயது ஆண்டி கரோலை, கிளப் 3.5 கோடி பவுண்டுக்கு லிவர்பூலுக்கு விற்றது. போக விரும்பியவர் வீரரா, அனுப்ப விரும்பியது கிளப்பா என்பதில் இரு தரப்பும் வேறு வேறு கதை சொன்னன. ஊருக்குக் கிடைத்தது மட்டும் ஒன்றுதான்: இன்னொரு பிள்ளையும் போனான்.

2021 அக்டோபரில் சவூதி அரேபியாவின் அரசு முதலீட்டு நிதியம் தலைமையிலான குழு 30.5 கோடி பவுண்டுக்கு கிளப்பை வாங்கியது. மனித உரிமை அமைப்புகள் கடுமையாகக் கண்டித்தன. அந்தக் கண்டனம் நியாயமானது. ஊரில் பெரும்பாலானோர் அன்று கொண்டாடினார்கள். ரசிகரின் விசுவாசம் எதையெல்லாம் பார்க்க மறுக்கும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

புதிய பணம் வந்தபோதிலும் அதைச் செலவிட விதிகள் தடையாக இருந்தன. பிரீமியர் லீக்கின் லாப - நிலைத்தன்மை விதிப்படி, மூன்று ஆண்டுகளில் ஒரு கிளப்பின் நஷ்டம் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று இருந்தது. நோக்கம் நல்லதுதான், கடனில் மூழ்கும் கிளப்புகளைக் காப்பது. ஆனால், அந்த நஷ்டத்தைக் கணக்கிடும் முறையில் ஒரு கொடுமை இருக்கிறது. ஒரு வீரரை 6 கோடிக்கு ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால், ஆண்டுக்கு 1.2 கோடிதான் செலவாக எழுதப்படும். மூன்று ஆண்டு கழித்து அவரை விற்றால், கணக்கில் மீதமிருக்கும் 2.4 கோடியைக் கழித்துக்கொண்டு மிச்சமே லாபம். பயிற்சிக்கூடத்தில் சிறுவயதிலிருந்து வளர்ந்த பையனை வாங்குவதற்கு எந்தத் தொகையும் கொடுக்கவில்லை என்பதால் கணக்குப் புத்தகத்தில் அவன் மதிப்பு பூஜ்யம். விற்ற முழுத் தொகையும் அந்த ஆண்டே லாபமாக ஏறும். ஆகவே, பற்றாக்குறையில் இருக்கும் கிளப்புக்கு யாரை விற்பது ஆதாயம் என்று கேட்டால், சொந்த ஊர்ப் பையனை என்றே கணக்கு சொல்லும்.

எலியட் ஆண்டர்சன் அப்படித்தான் போனார். நியூகாசிலுக்குப் பக்கத்தில் விட்லி பே கடற்கரை ஊர்க்காரர். அவருடைய தாத்தா இதே கிளப்புக்கு ஆடியவர். எட்டு வயதில் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தவர். 2024 ஜூன் 30 அன்று கணக்காண்டு முடிவதற்குள் லாபம் காட்ட வேண்டியிருந்ததால், சுமார் 3.5 கோடி பவுண்டுக்கு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு விற்கப்பட்டார். அவர் போகக் கேட்கவில்லை. மேலாளருக்கும் அவரை அனுப்ப மனமில்லை. அடுத்த ஆண்டே அவர் இங்கிலாந்து அணிக்கு ஆடினார். செல்சியும் மேசன் மவுன்ட், கானர் கேலகர் ஆகிய இருவரை இதே கணக்கின் நிழலில்தான் விற்றது. இருவரும் குழந்தைப் பருவம் முதல் அங்கேயே வளர்ந்தவர்கள். வீரர்களிடம் விசுவாசம் குறைந்துவிட்டது என்று வருந்துபவர்கள், விசுவாசமாக இருக்கக்கூடிய வீரர்களையே முதலில் விற்கச் சொல்லும் இந்த விதியைப் பற்றிப் பேசுவது குறைவு.

2025 மார்ச் 16 அன்று வெம்ப்ளி மைதானத்தில் நியூகாசில் லிவர்பூலை 2–1 என்று வென்று லீக் கோப்பையைக் கைப்பற்றியது. 1955க்குப் பிறகு, எழுபது ஆண்டுகளில், உள்நாட்டில் அந்த கிளப் வென்ற முதல் பெரிய கோப்பை. முதல் கோலைத் தலையால் அடித்தவர் டான் பர்ன். பிளைத் ஊரில் பிறந்த இவரை, பதினொரு வயதில் ‘போதாது’ என்று அனுப்பிவிட்டது இதே நியூகாசில்தான். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டிகளை அடுக்கும் வேலை பார்த்து, டார்லிங்டன், ஃபுல்ஹாம், விகன், பிரைட்டன் என்று சுற்றி, 2022இல் முப்பதை நெருங்கும்போது தன் ஊர் கிளப்புக்குத் திரும்பினார். இரண்டாவது கோலை அடித்தவர் ஸ்வீடனின் அலெக்சாண்டர் இசாக்.

ஐந்து மாதங்கள்கூட முடியவில்லை. அதே இசாக் பயிற்சிக்கு வர மறுத்தார். லிவர்பூல் கேட்டிருந்தது, முதலில் சொன்ன 11 கோடி பவுண்டை நியூகாசில் ஏற்கவில்லை. அவருடைய ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. தனக்குக் கொடுத்த வாக்குறுதி மீறப்பட்டது என்று இசாக் வெளிப்படையாக அறிக்கை விட்டார். அப்படி ஒரு வாக்குறுதியே இல்லை என்றது கிளப். செப்டம்பர் 1 அன்று 12.5 கோடி பவுண்டுக்கு, பிரிட்டிஷ் சாதனைத் தொகைக்கு, லிவர்பூலில் சேர்ந்தார். நியூகாசிலுக்காக 109 ஆட்டங்களில் 62 கோல் அடித்தவர், ஊர் மக்களிடம் துரோகி என்று பெயர் வாங்கிக்கொண்டு போனார்.

இசாக் போக விரும்பியதில் தவறில்லை. லீக் சாம்பியன் அழைக்கும்போது போக நினைப்பது எந்தத் தொழிலிலும் இயல்பு. தவறு, ஆட மறுத்ததில் இருக்கிறது. அவர் கையெழுத்திட்டிருந்த ஆறு ஆண்டு ஒப்பந்தம் வீரருக்கும் காப்பு: காலில் அடிபட்டு ஒரு பருவம் முழுதும் படுத்திருந்தாலும் கிளப் சம்பளம் தந்தாக வேண்டும். அந்தக் காப்பை ஏற்றவர், ஒப்பந்தம் தன்னைக் கட்டும் பக்கத்தையும் ஏற்க வேண்டும். ஈஸ்ட்ஹாமும் ஆட மறுத்தவர்தான். ஆனால், அவர் ஒப்பந்தம் முடிந்த பிறகு மறுத்தார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இசாக் போன அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. இசாக்கின் இடத்தை நிரப்ப நியூகாசில் வாங்கியவர்களில் ஒருவர் பிரென்ட்ஃபோர்ட் கிளப்பின் யோயன் விஸ்ஸா. அவரும் தன் கிளப்பின் பயிற்சி முகாமைவிட்டு வெளியேறி, வாக்குறுதி மீறப்பட்டது என்று அறிக்கை விட்டு, பிடிவாதம் பிடித்துத்தான் வந்தார். லிவர்பூல் நியூகாசிலுக்குச் செய்ததை நியூகாசில் பிரென்ட்ஃபோர்டுக்குச் செய்தது. இசாக்கும் வானத்திலிருந்து குதித்து நியூகாசிலுக்கு வரவில்லை. ஸ்டாக்ஹோமின் ஏ.ஐ.கே. கிளப் வளர்த்த அவரை டார்ட்மண்ட் எடுத்தது. பிறகு ஸ்பெயினின் ரியல் சோசியடாட் எடுத்தது. 2022இல் நியூகாசில் எடுத்தது. எந்த கிளப்பும் யாரோ ஒருவருக்குப் பெரிய அணி, வேறு யாரோ ஒருவருக்குச் சின்ன அணி. துரோகி என்ற வசையை வீசும் ரசிகர் கூட்டம், முந்தைய கோடையில் அடுத்தவர் வீட்டுப் பிள்ளையைக் கைதட்டி வரவேற்றிருக்கும்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவோ, பாஸ்க் மண்ணில் பிறந்தவர் அல்லது அங்கே பயிற்சி பெற்றவர் மட்டுமே ஆடலாம் என்ற கொள்கையை நூறு ஆண்டுக்கு மேலாகக் காத்துவருகிறது. கிளப் அதன் உறுப்பினர்களுக்கே சொந்தம். ஸ்பெயின் லீக்கின் மேல்நிலையிலிருந்து ஒருமுறைகூட இறங்காத மூன்று அணிகளில் ஒன்று. மற்ற இரண்டும் ரியல் மாட்ரிட், பார்சிலோனா. அங்கும் வீரர்கள் போகிறார்கள். 2018இல் கோல்கீப்பர் கெப்பா 8 கோடி யூரோவுக்குச் செல்சிக்குப் போனார். ஆனால், ஸ்பெயின் சட்டப்படி ஒப்பந்தத்தில் விடுவிப்புத் தொகை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். யார் என்ன கொடுத்தால் வீரர் போகலாம் என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். வாக்குறுதி கொடுத்தீர்கள், கொடுக்கவில்லை என்ற சண்டைக்கு இடம் குறைவு. கானாவிலிருந்து சஹாரா பாலையைக் கடந்துவந்த பெற்றோரின் பிள்ளைகளான இன்யாகி, நிகோ வில்லியம்ஸ் சகோதரர்கள் இந்த அணியின் முகங்கள். 2024இல் இந்த அணி நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்பானிய மன்னர் கோப்பையை வென்றது. 2025 கோடையில் பார்சிலோனா நிகோவை அழைத்தது. அவர் போவார் என்றே பலரும் எழுதினார்கள். ஜூலையில் அவர் பில்பாவோவுடன் 2035 வரை கையெழுத்திட்டார்.

எல்லா கிளப்பும் பில்பாவோ ஆக முடியாது. பிறப்பையும் வளர்ப்பையும் அளவுகோலாக்குவது எல்லா ஊருக்கும் பொருந்தாது. அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: ஒப்பந்தத்தில் எழுதிவைக்கும் வெளிப்படை, வளர்த்த பிள்ளையை முதலில் ஆடவிடும் பழக்கம். இங்கிலாந்தின் கணக்கு முறை இரண்டாவதைத் தண்டிக்கிறது. 2026–27 பருவத்திலிருந்து, வருவாயில் 85 சதவீதம்வரை அணிக்குச் செலவிடலாம் என்ற புதிய முறைக்கு மாற பிரீமியர் லீக் கிளப்புகள் 2025 நவம்பரில் வாக்களித்தன. அதிலும் வீரர் விற்பனை லாபம் கிளப்பின் செலவு வரம்பை உயர்த்தும். பயிற்சிக்கூடப் பையன் அங்கும் முழு லாபம்தான்.

உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி, ஒப்பந்தக் காலத்தில் வீரர் விற்கப்படும்போது தொகையில் 5 சதவீதம், 12 முதல் 23 வயதுவரை அவரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பங்கிடப்படுகிறது. ஸ்டாக்ஹோம் போன்ற ஊர்களின் கிளப்புகள் அடுத்த பையனை வளர்ப்பது இந்தப் பங்கைக் கொண்டும்தான். 5 சதவீதம் போதாது. இதை இரட்டிப்பாக்கினால், 12 கோடி கொடுக்க முடிந்த கிளப்புகளுக்கு அது சுமையாகாது. வளர்க்கும் கிளப்புகளோ தங்கள் வீரரை இன்னும் இரண்டு பருவம் தக்கவைக்கும் பலம் பெறும். உள்ளூர்ப் பையனின் விற்பனையை மட்டும் முழு லாபமாக எழுத அனுமதிக்கும் கணக்குச் சலுகையையும் பிரீமியர் லீக் நீக்க வேண்டும். இசாக் லிவர்பூல் சட்டையில் செயின்ட் ஜேம்ஸ் பார்க்குக்கு ஆட வரும்போதெல்லாம் ரசிகர்கள் கூச்சலிடுவார்கள். அது அவர்கள் உரிமை. எலியட் ஆண்டர்சனை ஏன் விற்றீர்கள், அடுத்த உள்ளூர்ப் பையனையும் விற்பீர்களா என்ற கேள்வியை அதே குரலில் கிளப் நிர்வாகத்திடமும் லீக் அலுவலகத்திடமும் அவர்கள் கேட்க வேண்டும்.